எட்டாவது கேள்வி

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன் அல்லவா, அன்று உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். திரையில் ஒரு புரோகிராம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறது. அவர் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றுக்கும் தானாகவே பதில் சொல்லிக்கொண்டு போகிறது. அவரோ இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோர்த்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாருங்க சார், நான் தொடவே இல்ல" என்றார். நன்றாகத்தான் இருந்தது, பாராட்டினேன். பிறகு சும்மா கேட்டுவைத்தேன்: வழக்கமாக வராத கேள்வி ஒன்று நடுவில் வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? "வராது சார், பத்து மாசமா இப்படித்தான் ஓடுது" என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "வராது சார்" என்னை விடவில்லை. அதே சொல்லை, அதே மாதிரிக் கைகளைக் கோர்த்துச் சாய்ந்துகொண்டு, நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் சாக இருந்தார். இதை இத்தனை வருடங்களில் நாலைந்து பேரிடம்தான் சொல்லியிருப்பேன். இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

அது எழுபதுகளின் பிற்பாதி. தூத்துக்குடியில் புதிய துறைமுகம் வந்து, ஊரே கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்த காலம். கடலோரமாக ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பெயர் எதற்கு, விட்டுவிடுங்கள். அங்கே இயந்திரங்களின் சூட்டைத் தணிக்கக் கடல்தண்ணீர் வேண்டும். அதற்காகக் கரையில் இரண்டு ஆழமான கிணறுகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பம்ப் வைத்திருந்தார்கள். ஒன்றாம் கிணற்றில் ஒன்றாம் பம்ப், இரண்டாம் கிணற்றில் இரண்டாம் பம்ப். ஒன்று ஓடினால் மற்றதற்கு ஓய்வு.

அந்தப் பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் எங்கள் அறையிலிருந்த கணினி வழியாகத்தான். இரண்டு பீரோக்களைச் சேர்த்து நிறுத்தியதுபோல் இருக்கும். அந்த வட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது என்று எங்களுக்கு ரொம்பப் பெருமை. திரையெல்லாம் இல்லை. அதனோடு பேச டெலிடைப் என்று ஒன்று உண்டு. தட்டச்சுப் பொறிதான், ஆனால் அதுவாகவும் அடிக்கும். கணினி தன் கேள்வியைக் காகிதச் சுருளில் படபடவென்று அடிக்கும், அதற்குக் கீழே நாம் பதிலை அடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இன்றைக்கும் எங்காவது மெஷின் எண்ணெயும் சூடான காகிதமும் கலந்த வாசனை வந்தால் எனக்கு மனசு இளகிவிடும். அந்த வளாகத்தில் ஏ.சி. இருந்த அறைகளில் எங்களுடையது ஒன்று. சித்திரை வெயிலில் ஸ்டோர்ஸ்காரர், டிரைவர், கேன்டீன்காரர் எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்து அங்கே வந்து நிற்பார்கள். வெளியே சைக்கிள் கைப்பிடியில் காலையில் துடைத்த உப்பு மாலைக்குள் மறுபடி படிந்திருக்கும். உள்ளே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஏக்கமாகவும் இருக்கிறது.

பம்பை ஓட்டுவதற்கு முன் கணினி ஒன்பது கேள்விகள் கேட்கும். ஆங்கிலத்தில்தான் கேட்கும், நான் தமிழில் சொல்கிறேன். மதகு திறந்திருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, இப்படி முதல் ஏழுக்கும் "ஆம்" என்று பதில். எட்டாவது, எந்தப் பம்ப்? அதற்கு 1 அல்லது 2. ஒன்பதாவது, மோட்டார் கிளம்புவதற்கு முன் எத்தனை நிமிடம் எண்ணெய் ஓட வேண்டும்? அதற்கு எப்போதும் 1. அவ்வளவுதான். தினமும் இதே ஒன்பது கேள்விகள், இதே வரிசை. பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் அடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த டெலிடைப்பின் இடது பக்கத்தில் ஒரு டேப் பஞ்ச் இருந்தது. நாம் அடிக்கும் எழுத்துகளை ஒரு காகித நாடாவில் ஓட்டைகளாகப் போட்டுக் கொடுக்கும். அந்த நாடாவை ரீடரில் மாட்டினால், நாம் அடித்த மாதிரியே அது கணினிக்கு எழுத்துகளை அனுப்பும். எனக்கு மூளை வேலை செய்தது. ஒன்பது பதில்களையும் ஒரு டேப்பில் ஏற்றினால் என்ன? ஒவ்வொரு கேள்வியும் அடித்து முடிய எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். பதிலுக்கும் பதிலுக்கும் நடுவே அந்த நேரத்துக்குத் தக்கபடி டேப்பை வெறுமனே ஓடவிட்டேன். ஒரு வாரம் அடித்தும் கிழித்தும் சரி செய்தேன். கடைசியில் கணினி கேட்டு வாய் மூடுவதற்கும் என் டேப் பதில் சொல்வதற்கும் அச்சாகப் பொருந்திவிட்டது. ஒன்றாம் பம்புக்கு ஒரு டேப், இரண்டாம் பம்புக்கு ஒரு டேப். இரண்டையும் சுருட்டி, சீட்டு ஒட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டுவேன், கைகளைக் கோர்த்துச் சாய்ந்துகொண்டு. எங்கள் இன்சார்ஜ் மட்டும் ஒருநாள் பார்த்துவிட்டு, வேறு எதையாவது கேட்டால் என்ன செய்வாய் என்றார். வராது சார் என்றேன்.

அந்த டேப்பால் எனக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. பஞ்ச் செய்யும்போது மஞ்சளாகக் குட்டிக் குட்டி வட்டங்கள் உதிரும். அதைச் சேர்த்து வைக்கச் சொல்லி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நின்றவர் மிக்கேல். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கோயில் குடிலில் பனி கொட்டுவதற்காம். பனி மஞ்சளாக இருக்குமா என்று கேலி செய்தேன். பனியைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை, அதனால் கவலையில்லை என்றார். என்னை "சார்" என்பார். அவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான்.

மிக்கேலும் அவருடைய அக்காவின் கணவர் தொம்மையும் சங்குகுளி குடும்பம். சங்கு குளிக்கப் போகாத நாட்களில் எங்கள் கிணறுகளைச் சுத்தம் செய்ய ஒப்பந்தத்தில் வருவார்கள். கடல்தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் வராது. பாசி வரும், சொறிமீன் வரும், பம்ப் உறிஞ்சும் வாயிலிருக்கும் கம்பித் தட்டியில் சிப்பி ஒட்டிக் கல்லாகிவிடும். ஓய்விலிருக்கும் பம்பின் கிணற்றில் தொம்மை இறங்கி அதைச் சுரண்டி எடுப்பார். காற்றுக் குழாய், கண்ணாடி, காற்று உருளை எதுவும் கிடையாது. ஒரு மூச்சு பிடித்து நாலு ஆள் ஆழம் போவார், இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மேல்முனை மிக்கேல் கையில் இருக்கும். கீழே வேலை முடிந்ததும் தொம்மை ஒரு சுண்டு சுண்டுவார், மிக்கேல் இழுப்பார்.

அந்தக் கயிற்றை வேறு யாரும் தொட முடியாது. ஒருநாள் மிக்கேலுக்குக் காய்ச்சல். நான்தான் பெரிய உபகாரியாக, எங்கள் ஹெல்ப்பர் ஒருவரைக் கயிறு பிடிக்க அனுப்பட்டுமா என்று கேட்டேன். தொம்மை வேலையே வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் மிக்கேல் எனக்கு விளக்கினார். முத்துக்குளி காலத்திலிருந்தே மச்சினன்தான் பிடிக்க வேண்டுமாம். கீழே போகிறவனுக்கு ஒன்று ஆனால் தாலி அறுப்பது தன்னோடு பிறந்தவள் என்கிற பயம் உள்ளவன்தான் கண்ணை அங்கே இங்கே விடமாட்டான் என்றார். நல்ல ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன். தாமிரபரணிக் கரையில் நெல்வயல் பார்த்து வளர்ந்தவன் நான், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அது எனக்கு ஒரு சுவாரசியமான ஊர்ச் செய்தியாக மட்டும் பட்டது.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். முந்தின இரண்டு நாளும் நான் விடுப்பு. வேலை நிரந்தரமானால் என் மகன் குரங்கு வேஷம் கட்டி வருவான் என்று அம்மா குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தாள். வேலையும் நிரந்தரமானது, தசராவும் வந்தது, நானும் வால் கட்டிக்கொண்டு குலசேகரன்பட்டினத் தெருக்களில் குதித்தேன். கண்ணோடு கண் மூடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து, குளித்துவிட்டு, ஏழு மணி ஷிப்டுக்கு நேராக வந்தேன். காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயம் போகவில்லை.

நான் இல்லாத சனிக்கிழமையன்று ஐதராபாத்திலிருந்து கணினிக் கம்பெனி எஞ்சினியர் வந்துபோயிருந்தார். எங்கள் இன்சார்ஜுக்கு வெகுநாளாகவே ஓர் உறுத்தல்: கிணற்றில் ஆள் இறங்கியிருப்பது கணினிக்குத் தெரியாது, ஷிப்டில் இருக்கிறவன் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர் சொல்லி, அந்த எஞ்சினியர் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டார். எந்தக் கிணற்றில் ஆள் இருக்கிறார்கள்? 1, 2, யாரும் இல்லையென்றால் 0. எந்தக் கிணற்றைச் சொல்கிறோமோ அந்தப் பம்பை எவ்வளவு கேட்டாலும் கணினி ஓட்டாது. நல்ல கேள்வி. இதைச் சிவப்புப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, டெலிடைப்புக்கு நேர் எதிரே போர்டில் குத்தியிருந்தார் இன்சார்ஜ். ஷிப்ட் நோட்டிலும் எழுதியிருந்தார். நான் போர்டையும் பார்க்கவில்லை, நோட்டையும் திறக்கவில்லை. வந்ததும் ஒரு டீ வரவழைத்து, குலசைக் கதைகளை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரண்டாம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் கிணற்றில் தொம்மை. பத்து மணிபோல் கரண்ட் போனது. எல்லாம் ஒரே நொடியில் அமைதியாகிவிட்டது. இன்சார்ஜும் எலக்ட்ரீசியனும் சப்ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். நான் அறையில் தனியாக இருந்தேன். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. வந்த மறுகணமே தொலைபேசி அலறியது. உள்ளே இயந்திரங்கள் சூடேறிக்கொண்டே போகின்றன, தண்ணீர் எங்கே என்று பிளான்ட்டிலிருந்து கத்துகிறார்கள். இதோ என்று சொல்லி, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஆணியிலிருந்து டேப்பை எடுத்தேன். டேப்பை மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் பம்பின் டேப்பைத்தான் எடுத்தேன். சீட்டை இருமுறை பார்த்தே எடுத்தேன். அதில் எனக்கு இன்றும் ஒரு வறட்டுத் திருப்தி உண்டு.

ரீடர் ஓடியது. கணினி கேட்டது, டேப் சொன்னது. ஏழு "ஆம்"கள் போயின. எட்டாவதாகப் புதிய கேள்வி வந்தது: எந்தக் கிணற்றில் ஆள்? என் டேப் கேள்வியைப் பார்க்கவில்லை, நான் கைக்கடிகாரத்தில் அளந்த நேரத்தைத்தான் பார்த்தது. நேரம் வந்ததும் தன் எட்டாவது பதிலைச் சொன்னது: 2. இரண்டாம் கிணற்றில் ஆள் இருக்கிறது என்று கணினி குறித்துக்கொண்டது. அடுத்துக் கேட்டது: எந்தப் பம்ப்? டேப் தன் கடைசிப் பதிலைச் சொன்னது: 1. ஒன்றாம் பம்புக்குத் தடை எதுவும் இல்லை, கணினி ஒப்புக்கொண்டது. அடுத்து: எத்தனை நிமிடம் எண்ணெய்? டேப் தீர்ந்துவிட்டது. பதில் இல்லை. டெலிடைப் அப்படியே நின்றது.

அதுதான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம், அதை நன்றாக நினைவில் வையுங்கள். இயந்திரம் நின்று, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. என்ன கோளாறு என்று மூன்று வரி மேலே பார்த்திருந்தால் போதும். நான் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். காதில் ஆள் கத்துகிறார். ஈரப்பதத்தில் டேப் ஊறினால் எப்போதாவது ஓர் ஓட்டையை ரீடர் தவறவிடும், இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டினேன். கையை நீட்டி 1 என்று அடித்தேன். இப்போது வரும் என்று தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டு, மிச்சமிருந்த டீயைக் குடித்தேன்.

ஒரு நிமிடம் கழித்து, எந்தப் பம்ப் ஓடுகிறது என்று காட்டும் விளக்கு எரிந்தது. ஒன்று என்று எழுதியிருந்த விளக்கு.

அப்போதுதான் காகிதத்தைப் பார்த்தேன். படித்தது புரிவதற்குள் என் கை நிறுத்தும் பொத்தானை அடித்திருந்தது. பிறகு ஓடினேன். அறையிலிருந்து பம்ப் ஹவுஸ் இருநூறு கெஜம் இருக்கும். வழியில் செருப்பு ஒன்று கழன்றது தெரியவில்லை. போகும்போதே தொம்மையின் வீட்டைத்தான் நினைத்தேன். மிக்கேலின் அக்காவை ஒரே ஒரு முறை, சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டில் நின்றபோது பார்த்திருக்கிறேன். நான் இரண்டு விநாடியில் நிறுத்தினேனா, பத்து விநாடியிலா? அந்தப் பம்ப் ஒரு கட்டுமரத்தையே இழுத்துத் தட்டியோடு ஒட்டவைத்துவிடும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

தொம்மை சிமெண்ட் தளத்தில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. கிணற்றின் விளிம்பில் மிக்கேல் கால்களை நீட்டி உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்து இரண்டு கையும் சிவந்து கிடந்தன.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கரண்ட் போனபோது தொம்மை மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார். வந்ததும், ஓடப்போவது இரண்டாம் பம்ப்தானே என்று மறுபடி இறங்கியிருக்கிறார். மோட்டார் கிளம்புவதற்கு முந்தின அந்த ஒரு நிமிடம், சின்னதாக ஓர் எண்ணெய் பம்ப் மட்டும் முனகும். அந்த முனகல் வர வேண்டிய பக்கம் வராமல், தன் முதுகுப் பக்கம் வருவது மிக்கேல் காதில் விழுந்திருக்கிறது. கீழே இருப்பவர் சுண்டாமல் கயிற்றை இழுக்கக் கூடாது, தட்டிக்குள் கை இருந்தால் கை போய்விடும். அது அவர்களுக்கு வேதம். அதையும் மீறி, இரண்டு கையாலும், காலைச் சுவரில் ஊன்றி இழுத்திருக்கிறார். தொம்மையின் தலை தண்ணீருக்கு வெளியே வந்த பிறகுதான் மோட்டார் கிளம்பியது. அவர் சுரண்டிப் போட்டிருந்த சிப்பிக் கூடை கீழே தட்டியோடு ஒட்டி நசுங்கிக் கிடந்தது. அதைப் பிறகு எடுத்துப் பார்த்தோம்.

இன்சார்ஜ் காகிதச் சுருளைக் கிழித்து மேசையில் விரித்து, ஒரு வரி விடாமல் படித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். போர்டில் இருந்த தாளைப் படித்தாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். டேப்பைப் பற்றித் தெரிந்தும் அதை அன்றே கழற்றி எறியாதது தன் தப்பு என்றும், மேலிடத்துக்குத் தானே எழுதுவதாகவும் சொன்னார். "ஆனா அந்த ரெண்டு பேருக்கும் நான் எழுத முடியாது. அங்கன நீதான் போகணும்" என்றார்.

டிஸ்பென்சரி வராந்தாவில் மிக்கேல் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு. தொம்மை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டேப், கேள்வி, 1 அடித்தது, டீ குடித்தது எல்லாம். முடித்த பிறகு மிக்கேல் கேட்டார்.

"எந்தக் கெணத்துல ஆளு இருக்குன்னு மெசினு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நான் சொல்லல மிக்கேல். டேப் சொல்லிச்சு. நான் பாக்கல."

கட்டுப் போட்ட கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன் அக்கா மாப்பிள கெணத்துக்குள்ள கெடந்தா பாத்திருப்பியாலே?"

அதுவரை என்னை "சார்" என்றே கூப்பிட்டவர். பார்த்திருப்பேன் என்பதுதான் பதில். என் காதுக்குப் பின்னால் இருந்த குரங்குச் சாயத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. எழுந்து வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

அந்த இரண்டு டேப்புகளையும் கிழித்துப் போட்டேன். ஆனால் டேப் போடுவதை விட்டுவிடவில்லை. சோம்பேறிகள் இல்லாவிட்டால் நம் தொழிலே இருந்திருக்காது. புதிய டேப்பில் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ரீடரை நிறுத்தும் ஒரு குறியைப் போட்டேன். கணினியின் கேள்வி காகிதத்தில் வந்து விழும். அதைப் படித்து, நான் எதிர்பார்த்த கேள்விதான் என்று தெரிந்த பிறகே ரீடரின் கைப்பிடியைத் தட்டி அடுத்த பதிலை விடுவேன். நேரம் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. கிணற்றில் ஆள் இறங்குமுன் அந்த மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்டி, சாவியைக் கயிறு பிடிக்கிறவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அந்த வாரம்தான் எங்கள் ஆலையில் பிறந்தது. உங்களுக்கு இன்று வசதி அதிகம். திரையில் என்ன எழுத்து வருகிறது என்று உங்கள் ஸ்கிரிப்டே படிக்கும், அது வரும்வரை காத்திருக்கும். பிறகு ஏன் சிலர் இன்னும் ஐந்து நொடி பொறு, பதிலைச் சொல் என்று எழுதுகிறீர்கள்? தெரியாத கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு நின்று, ஓர் ஆளைக் கூப்பிடத் தெரிய வேண்டும் ஸ்கிரிப்டுக்கு. அப்படி அது கூப்பிட்டு நிற்கும்போது, போன ஆள் என்னைப்போல் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையை நீட்டக் கூடாது.

இதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். எனக்கு அது மண்டையில் ஏறியது வேறு இடத்தில்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கிணறு சுத்தம் செய்யும் நாள். காலையில் மிக்கேல் எங்கள் அறைக்கு வந்தார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை, பிஸ்கட் டின் அலமாரியில் பாதி நிறைந்து அப்படியே இருந்தது. உள்ளங்கை இன்னும் ஆறவில்லை, கயிற்றைப் பிடித்தால் பிளந்துவிடும் என்றார். அவருடைய அண்ணன் தோணியில் கொழும்புக்குப் போயிருக்கிறார், தொம்மைக்கு வேறு மச்சினன் இல்லை.

"நீ வா, பிடி" என்றார்.

"நானா?" என்றேன்.

"நீ இனிமே பாப்ப."

இன்சார்ஜைப் பார்த்தேன். அவர் ஷிப்ட் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

பம்ப் ஹவுஸில் தொம்மை கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். முன்கையில் புதுத்தோல் வெளுப்பாகத் தெரிந்தது. அவரிடம் நான் அதுவரை நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு முறை போய், இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பியிருந்தேன். "மச்சான், இன்னைக்குக் கயிறு இவன்தான்" என்றார் மிக்கேல். தொம்மை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கயிற்றின் மறுமுனையை எடுத்து என் கையில் கொடுத்தார். நெற்றியில் குருசு வரைந்துகொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

என் சட்டைப்பையில் பிரேக்கர் சாவி இருந்தது. அது அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். கீழே கறுப்பாகத் தண்ணீர், அதற்குள் ஒரு மனிதர். கயிறு கொஞ்சம் போனது, நின்றது, மறுபடி போனது. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது. நாற்பது. வழக்கமாக எவ்வளவு நேரம் இருப்பார் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியதும் என் கை தானாக இழுக்கப் போனது. பின்னால் நின்ற மிக்கேல் என் தோளில் முழங்கையை வைத்து அழுத்தினார்.

"பொறு. அவரு கேக்கட்டும்."

எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் வெறும் விரல்களாக மட்டுமே இருந்தேன். வெளியே லாரிச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது, எதுவும் காதில் ஏறவில்லை. பிறகு கயிறு ஒருமுறை சுண்டியது. எவ்வளவு சின்ன அசைவு தெரியுமா அது, வேறு எங்காவது கவனம் இருந்தால் தெரிந்திருக்கவே தெரியாது. இழுத்தேன்.

தொம்மையின் தலை வெளியே வந்தது. இரும்புப் படியைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பி, மூச்சு வாங்கினார். சிப்பிக் கூடையை மிக்கேல் முழங்கைகளால் அணைத்து வாங்கி வைத்தார். நான் அப்போதுதான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என்று மட்டும்தான் வந்தது. தொம்மை அதற்குக் காத்திருக்கவில்லை. தலைமுடியை வழித்துவிட்டு, மேலே என்னைப் பார்த்தார்.

"ரொம்ப இறுக்கிப் பிடிக்க, கொஞ்சம் தளத்தி விடு மச்சான்" என்றார். மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.